பட்டர் இல்லாமல் புடிங்: வீட்டில் இருப்பதே போதும்

பெருநாள் நெருங்கும்போது எம்மவர்களின் வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கும். பிள்ளைகளுக்கு உடுப்பு, செருப்பு, உறவினருக்குக் கொடுக்க வேண்டியது, அதன் பிறகு மேசையில் வைக்கும் இனிப்பு. அந்த இனிப்பு பட்டர் கேக்காகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ எம்மிடையே வேரூன்றிவிட்டது. பட்டர் கேக் என்பதோ மாவும் சீனியும் எந்த அளவோ ஏறக்குறைய அதே அளவு பட்டரையும் கேட்கும் பண்டம். கடையில் கடன் சொல்லிப் பட்டர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் வழியில்லாத வீடுகளில், "இம்முறை நாங்க ஒன்டும் செய்யல்ல" என்று வருகிறவர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் உம்மாமார்களை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கட்டிப் பட்டருக்காக ஒரு வீடு விருந்தாளியின் முகத்தைப் பார்க்கக் கூசுவது எமக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

மௌலவிமார் சட்டி பானையைப் பற்றி எழுதுவதா என்று எவரேனும் கேட்கக்கூடும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் ஓதியவர்கள் நாம். இனிப்பும் தேனும் அவர்களுக்கு விருப்பமாக இருந்தன என்ற அறிவிப்பும் அதே கிரந்தத்தில் உண்டு. ஓதியதைக் குசினிப் பக்கம் கொண்டுபோவதில் தவறில்லை. தவிர, மத்ரஸா விடுதியில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு அகப்பை ஒன்றும் அந்நியமானதல்ல.

பட்டர் செய்யும் வேலை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லாப் புடிங்கிலிருந்தும் பட்டரைக் கழற்றிவிட முடியாது. கேக்கைப் போல மா சேர்த்து அவிக்கும் அல்லது வேகவைக்கும் புடிங் வகைகளில் பட்டரும் சீனியும் ஒன்றாக அடிக்கப்படும்போது அந்தக் கொழுப்புக்குள் சிறு சிறு காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்கின்றன. பண்டம் பொங்குவதும் மிருதுவாவதும் அந்தக் காற்றினால்தான். அங்கே பட்டரை நீக்கிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றால் கையில் கிடைப்பது கட்டி மா.

பாலும் மாவும், அல்லது பாலும் முட்டையும் சேர்ந்து உறையும் புடிங் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் உறைய வைக்கும் வேலையைச் செய்வது மாப்பொருள், அல்லது முட்டையின் புரதம். பட்டர் போடும்படி சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். இறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி. அது பளபளப்புக்கும் வாய்க்கு வழுவழுப்பாக இருப்பதற்கும் மட்டுமே. உறைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த வழுவழுப்பும் பட்டரால் மட்டும் வருவதல்ல என்பதைச் சின்னக் கணக்கொன்றால் காட்டலாம். ஒரு மேசைக்கரண்டிப் பட்டர் சுமார் 14 கிராம். அதில் கொழுப்பு 11 கிராம் அளவு. எமது வீடுகளில் பாவிக்கும் முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 26 முதல் 28 வரை கொழுப்பு. அரை லீற்றர் பால் கரைக்க 60 கிராம் பால்மா தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாலுக்குள்ளேயே 16 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதாவது, நீங்கள் போடாமல் விட்ட அந்த ஒரு கரண்டிப் பட்டரில் உள்ளதைவிட அதிகம். தேங்காய்ப் பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முதற்பாலில் ஐந்தில் ஒரு பங்கு வரை கொழுப்பாகவே இருக்கும்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், பட்டர் இல்லாத புடிங் ஏழை வீட்டுக்கான இரண்டாம் தரப் பண்டம் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. உலகத்தில் பெயர்பெற்ற புடிங் வகைகளில் பல பட்டரைக் கண்டதே இல்லை.

முஹல்லபிய்யா என்னும் பால் புடிங்

அரபு நாடுகளில் ரமழான் இரவுகளில் அதிகம் பரிமாறப்படும் இனிப்புகளுள் ஒன்று முஹல்லபிய்யா. பால், சீனி, மா, பன்னீர், மேலே தூவக் கொஞ்சம் பிஸ்தா. அவ்வளவுதான். உமையாக்களின் காலத்துத் தளபதி அல்-முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ராவின் பெயரால் இது அழைக்கப்படுவதாகச் சொல்வார்கள். அவர் மரணித்தது கி.பி. 702இல். அதே பெயரிலான பண்டங்கள் அரபு மொழியின் பழைய சமையல் நூல்களிலும் வருகின்றன. 10ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் என்பவர் அப்படியொரு நூலைத் தொகுத்திருக்கிறார். கலைப் பட்டப் படிப்பின்போது அப்பாஸியர் ஆட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்தோம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் கற்பித்ததில்லை.

இன்று முஹல்லபிய்யாவுக்குப் பெரும்பாலானோர் சோளமா, அதாவது கோன்ஃபிளவர் பாவிக்கிறார்கள். சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆகவே பழைய காலத்தவர்களிடம் அது இருந்திருக்க முடியாது; அரிசி மாதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. வீட்டில் கோன்ஃபிளவர் இல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

நான்கைந்து பேருக்குப் போதுமான அளவைச் சொல்கிறோம். பால் அரை லீற்றர். பசும்பாலாகவும் இருக்கலாம், பால்மா கரைத்ததாகவும் இருக்கலாம். சீனி நான்கு மேசைக்கரண்டி. கோன்ஃபிளவர் தட்டையாக வழித்த ஐந்து மேசைக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் மூன்று. கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கோன்ஃபிளவர் மூன்றரைக் கரண்டி போதும். அச்சில் ஊற்றிக் கவிழ்க்க வேண்டுமானால்தான் ஐந்து.

இதில் பலர் தடுமாறும் இடம் கட்டி விழுவது. கோன்ஃபிளவரைச் சூடான பாலில் நேரடியாகக் கொட்டினால், மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும். உள்ளே இருக்கும் மாவுக்குப் பால் போய்ச் சேராது. அதுதான் அந்தக் கட்டிகள். ஆகவே அரை லீற்றர் பாலில் ஒரு சிறு கோப்பை அளவைக் குளிராகவே எடுத்துவைத்து, அதில் மாவைக் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பாலைச் சீனி, உப்பு, தட்டிய ஏலக்காயுடன் அடுப்பில் வைத்து, ஓரங்களில் சின்னக் குமிழ் வரும்போது தீயைக் குறையுங்கள். கரைத்த மாவை மீண்டும் ஒருமுறை கலக்கி (அது அடியில் படிந்திருக்கும்) மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் கிண்டுங்கள்.

ஓரிரு நிமிடத்தில் தடித்துவிடும். உடனே இறக்கிவிடாதீர்கள். மாப்பொருள் 60 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலேயே வீங்கத் தொடங்கினாலும், அதன் முழுப் பலமும் வெளிப்படுவது கொதிநிலைக்குக் கிட்டத்தான். சட்டியின் நடுவில் புளக், புளக் என்று குமிழ் வெடிக்கத் தொடங்கியபின் இன்னும் ஒரு நிமிடம் கிண்ட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை மா வாசம் நாக்கில் தங்கும், உறைவதும் அரைகுறைதான். அரிசி மாவென்றால் வறுக்காத மாவில் ஆறு கரண்டி எடுத்து, தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம் கிண்டுங்கள். கோன்ஃபிளவர் அளவுக்கு வழுவழுப்பு வராது. ஆனால் அந்த மணலான பதத்தைத்தான் எமக்கு அதிகம் பிடிக்கும்.

முட்டை சேர்க்க விரும்புகிறவர்கள் ஒரு மஞ்சள் கருவை அந்தக் குளிர்ப் பாலுடன் சேர்த்துக் கரைக்கலாம். நிறமும் ருசியும் கூடும். ஆனால் மஞ்சள் கருவில் மாப்பொருளை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. கலவை நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். முட்டை திரிந்துவிடும் என்ற பயத்தில் கொதிக்கவிடாமல் இறக்கினால், இரவு கெட்டியாக இருந்த புடிங் காலையில் தண்ணீராகிக் கிடக்கும். மாவு சேர்ந்திருப்பதால் இங்கே முட்டை எளிதில் திரியாது. துணிந்து கொதிக்க விடலாம்.

எமது உமிழ்நீரிலும் அதே வகை நொதியம் இருக்கிறது. ருசி பார்த்த கரண்டியை மீண்டும் சட்டிக்குள் விடக்கூடாது என்று மூத்தம்மாமார்கள் ஏசுவது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைத்திருப்போம். அந்தக் கரண்டி உண்மையாகவே புடிங்கை இளக வைத்துவிடும். நோன்புக் காலத்தில் இந்தப் பிரச்சினை பகலில் வராது என்பது ஓர் ஆறுதல்.

தேசிக்காய்ச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது சேர்க்காதீர்கள். புளிப்பு, மாவின் பிடிப்பைத் தளர்த்திவிடும், பாலும் திரியும். வாசத்துக்குத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் கொஞ்சம் துருவிப் போடலாம்.

பெட்டியில் வரும் கஸ்டர்ட் பவுடரும் இதே விதிக்குள்தான் வருகிறது. பர்மிங்ஹாமில் அல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல் இதைத் தயாரித்தார். முட்டை அவருடைய மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததால். ஆகவே அதில் முட்டையும் இல்லை, பட்டரும் இல்லை. பெரும்பகுதி கோன்ஃபிளவர், அதனுடன் மஞ்சள் நிறமும் வாசமும். வீட்டில் கோன்ஃபிளவரும் ஏலக்காயும் இருக்குமானால் அந்தப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வட்டிலப்பம் இருக்கும்போது

புடிங் என்ற ஆங்கிலச் சொல் எமது வாய்க்கு வருமுன்பே எமது உம்மாமார்கள் பட்டர் இல்லாத புடிங் அவித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை முஸ்லிம்களின் பெருநாள், கல்யாணம், கந்தூரி எதுவானாலும் வட்டிலப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. வட்டிலில் ஊற்றி அவிப்பதால் வட்டில் அப்பம். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அதைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் வந்து சேர்ந்த மலாய் மக்களே இதைக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்து பரவலாக உண்டு. அவர்களுடைய ஸ்ரீகாயாவும் தேங்காய்ப் பால், முட்டை, சீனி கொண்டதுதான் என்பதால் அந்தக் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. பெயரோ சுத்தத் தமிழ். தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இந்தப் பண்டத்துக்கு இதே பெயர்தான். எது எப்படியாயினும், கடல் கடந்து பெண் எடுத்துப் பெண் கொடுத்த மக்களின் பண்டம் இது.

இதில் தேவைப்படுபவை: முட்டை ஆறு, கித்துள் கருப்பட்டி 250 கிராம், முதற்பால் 250 மில்லிலீற்றர், ஏலக்காய் ஐந்து, சாதிக்காய் ஒரு துருவல், உப்பு ஒரு சிட்டிகை. கஜு இருந்தால் மேலே போடலாம். இல்லையென்றால் வட்டிலப்பம் கோபித்துக்கொள்ளாது. கித்துள் என்ற பெயரில் சீனி கலந்த கட்டிகளும் சந்தையில் விற்கப்படுவதை எல்லோரும் அறிவோம். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி கிடைத்தால் தயங்காமல் பாவியுங்கள். ருசி சற்று மாறும், குறையாது.

கருப்பட்டியைத் துருவி நான்கு மேசைக்கரண்டித் தண்ணீருடன் மெல்லிய சூட்டில் கரையுங்கள். கரைந்ததும் வடிக்க வேண்டும். தூசும் மண்ணும் எந்தக் கருப்பட்டியிலும் கொஞ்சம் இருக்கும். பாகு நன்றாக ஆறிய பின்னரே முட்டைக்குப் போக வேண்டும். அவசரக்காரர்களின் வட்டிலப்பம் பழுதாகும் முதலாவது இடம் இதுதான். சூட்டுப் பாகு முட்டையில் பட்ட மாத்திரத்தில் முட்டை நூல் நூலாக வெந்துவிடும்.

முட்டையை அடிக்கும்போது நுரை எழுப்ப வேண்டாம். கேக்குக்கு நுரை வேண்டும், வட்டிலப்பத்துக்கு வேண்டாம். முள்ளுக்கரண்டியால் கலக்கினாலே போதும். பிறகு பாகு, தேங்காய்ப் பால், வாசனைப் பொருட்கள், உப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை வடித்து, பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். மேலே வந்த நுரையைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

அவிப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பாலும் கருப்பட்டியும் கலந்த முட்டை ஏறக்குறைய 80 முதல் 85 பாகையில் உறைகிறது. ஆவியோ 100 பாகை. அதாவது, தேவையைவிட அதிகமான சூட்டில்தான் எப்போதும் அவிக்கிறோம். தீயைக் கூட்டினால் முட்டையின் புரதம் இறுகிச் சுருங்கி, தனக்குள் இருக்கும் நீரை வெளியே பிழிந்துவிடும். வெட்டும்போது தேன்கூடு போல ஓட்டைகளும் அடியில் தண்ணீரும் காணப்படுவது இதனால்தான். சிலர் அந்த ஓட்டைகளைத்தான் நல்ல வட்டிலப்பத்துக்கு அடையாளம் என்பார்கள். அவர்களுடன் வாதிட நாம் வரவில்லை. வழுவழுப்பாக வேண்டுமென்றால் தீ குறைவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

தண்ணீர் கொதித்த பின்னரே பாத்திரத்தை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து, பாத்திரத்தின் வாயை அலுமினியத் தாளாலோ தட்டாலோ மூடி, வெளிச் சட்டியின் மூடியை ஒரு துணியால் சுற்றி மூடுங்கள். மூடியில் படியும் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து மேற்பரப்பைக் குழியாக்காமல் அந்தத் துணி தடுக்கும். 35 முதல் 45 நிமிடம். நடுவில் ஓர் ஈர்க்குக் குச்சியைக் குத்தி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும். பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி இலேசாக ஆட வேண்டும். ஆறும்போது இன்னும் இறுகும். நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் அங்குள்ளவர்கள் இன்னும் பத்து நிமிடம் கூட வைக்க வேண்டிவரும்.

2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வீதியில் வரிசையில் நின்ற நாட்களில் பல வீடுகள் விறகு அடுப்புக்குத் திரும்பின. அப்படித் திரும்பியவர்கள் சிலர் இன்றும் வட்டிலப்பத்தை விறகில்தான் அவிக்கிறார்கள். தண்ணீர் கொதித்ததும் எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுவார்கள். வட்டிலப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான தீ இல்லை என்பது எமது கருத்து.

காய்ந்த பாண்

இலங்கையில் பாண் ஒன்றின் எடை 450 கிராம். காலையில் வாங்கியதில் பாதி மீந்து, மறுநாள் காய்ந்து, அதற்கடுத்த நாள் குப்பைக்குப் போகும் வீடுகள் எத்தனையோ. உணவை வீணாக்குவது பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து அதே பாணை எறிவதும் நடக்கிறது. அந்த அரை றாத்தல் பாண் ஒரு முழுப் புடிங்.

200 கிராம் அளவு காய்ந்த பாணைத் தோலோடு பிய்த்து, அரை லீற்றர் வெதுவெதுப்பான பாலில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். புதுப் பாண் இதற்குச் சரிவராது, களியாகிவிடும். காய்ந்ததுதான் பாலைச் சீராக இழுக்கும். கரண்டியால் மசித்து மூன்று முட்டை, ஆறு மேசைக்கரண்டி சீனி, கறுவாத் தூள், இருந்தால் ஒரு பிடி பிளம்ஸ் சேர்த்துக் கலக்குங்கள்.

பாத்திரத்தில் ஒட்டாமல் இருக்கப் பட்டர் பூச வேண்டும் என்று இங்கேயும் எழுதுவார்கள். அதற்குப் பதில் சீனியைக் காய்ச்சி ஊற்றலாம். ஐந்து மேசைக்கரண்டி சீனியும் ஒரு கரண்டித் தண்ணீரும் பாத்திரத்திலேயே அடுப்பில் வைத்து, கிண்டாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தால் சீனி உருகிப் பிளேன்டீ நிறத்துக்கு வரும். அந்த நிமிடமே இறக்கிவிட வேண்டும். இன்னும் பத்து எண்ணும் நேரம் விட்டால் கசக்கும். உருகிய சீனியின் சூடு 160 பாகைக்கு மேல். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். பிள்ளைகளை அந்த நேரத்தில் குசினிக்குள் விடவே வேண்டாம். பாத்திரத்தைச் சாய்த்து உருகிய சீனியை அடியிலும் ஓரங்களிலும் படியவிட்டு, இறுகியதும் பாண் கலவையை ஊற்றி வட்டிலப்பத்தைப் போலவே 45 நிமிடம் அவியுங்கள். முழுதாக ஆறியபின் கவிழ்த்தால் அந்தச் சீனி பாகாகி மேலே வழிந்திருக்கும். பல்கலைக்கழக விடுதிகளில் இருக்கும் எமது தம்பிமார் றைஸ் குக்கரிலேயே இதைச் செய்துவிடலாம்.

பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்தல்

மேற்சொன்ன மூன்றிலும் ஹலால், ஹராம் பற்றிய கேள்விக்கு இடமே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பால், முட்டை, சீனி, தேங்காய், மா. கேள்வி எழுவது கடைப் பெட்டிகளால்தான்.

முதலாவது ஜெலட்டின். இது மிருகங்களின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள், மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள், மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். எதிலிருந்து என்று பெட்டியில் தெளிவாக இல்லையென்றால் அதை வாங்காமல் விடுவதே பேணுதல். ரசாயன மாற்றத்தால் அதன் சட்டம் மாறுமா என்று உலமாக்களிடையே நீண்ட ஆய்வுகள் நடந்துள்ளன; அந்த விவாதத்துக்குள் இப்போது போகத் தேவையில்லை. காரணம், சைனாகிராஸ் எமது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது கடற்பாசி. எமது காலநிலைக்கும் அதுதான் உகந்தது. ஜெலட்டினில் உறைந்தது 30 பாகையைத் தாண்டும் எமது மதிய வெயிலிலேயே இளகிவிடும். சைனாகிராஸில் உறைந்தது மீண்டும் உருக 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெருநாள் மேசையில் மாலை வரை வைத்திருந்தாலும் உருவம் குலையாது. 10 கிராம் சைனாகிராஸை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரிலேயே முற்றாகக் கரையும் வரை கொதிக்க வைத்து, பிறகுதான் சூடான பாலுடன் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் வரலாம். நேரடியாகப் பாலில் போட்டால் கரைவது மிகச் சிரமம்.

இரண்டாவது வனிலா. அசல் வனிலாச் சாறு மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கப்படுவது. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 35 வீதம் மதுசாரம் இருக்க வேண்டும். எமது கடைகளில் சிறு போத்தலில் விற்கும் எசன்ஸ் பெரும்பாலும் செயற்கை வாசம். அதில் சிலவற்றில் மதுசாரம் உண்டு, சிலவற்றில் இல்லை. போத்தலைத் திருப்பி வாசித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாமோ ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் விளையும் நாட்டில் இருந்துகொண்டு ஒரு போத்தல் வனிலாவுக்காகக் குழம்புகிறோம். பால் காயும்போது இரண்டங்குல ரம்பைத் துண்டொன்றைப் போட்டுப் பாருங்கள்.

நிறமூட்டிகளில் ஈ 120 என்று குறித்திருப்பது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. பட்டருக்குப் பதிலாக மாஜரின் வாங்குவோர் ஈ 471 என்ற எண்ணைக் காண்பார்கள். அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஹலால் சான்றிதழ் பெற்றதை வாங்கினால் இந்தக் கவலை இல்லை. பட்டரே வேண்டாம் என்ற புடிங்குக்கு மாஜரின் எதற்கு என்பது வேறு கேள்வி.

நோயாளிகள் உள்ள வீடுகள்

பட்டர் இல்லை என்று கேட்டவுடன் இது கொலஸ்ட்ரோல் உள்ளவர்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் உகந்தது என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டிலப்பத்தில் உள்ள 250 மில்லிலீற்றர் முதற்பாலின் கொழுப்பு, நான்கு மேசைக்கரண்டிப் பட்டரின் கொழுப்புக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஆறு முட்டையும் இருக்கிறது. கித்துள் கருப்பட்டி சீனியைப் போல உடனே ஏறாது என்று சொல்லி வாப்பாமார்களுக்கு இரண்டு மூன்று துண்டு கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கருப்பட்டியும் சீனிதான். அவர்களுக்காகச் செய்வதானால் கொழுப்பு நீக்கிய பாலில், சீனி இரண்டு கரண்டியாகக் குறைத்த கோன்ஃபிளவர் புடிங்கே நல்லது. அதுவும் சின்னக் கோப்பையில். மருந்து எடுப்பவர்கள் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு முஹல்லபிய்யாவும் சைனாகிராஸும் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வட்டிலப்பம். இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சவ்வரிசியைத் தண்ணீரில் கண்ணாடி போல வேகவைத்து, தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் கொடுக்கலாம். அதற்குச் செய்முறை என்று தனியாக எழுத ஒன்றுமில்லை.

வைத்திருப்பது பற்றி

பாலும் முட்டையும் தேங்காய்ப் பாலும் எமது வெப்பத்தில் விரைவாகப் பழுதாகும். ஆறியதும், இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். பால் புடிங்கின் மேல் ஆடை படிவதை விரும்பாதவர்கள், சூடாக இருக்கும்போதே மேற்பரப்பைத் தொடும்படி பொலித்தீன் தாளால் மூடலாம். அல்லது ஒரு கரண்டிச் சீனியை மேலே தூவிவிட்டாலும் போதும். பால் புடிங் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் நீர் விடத் தொடங்கும். வட்டிலப்பம் மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள்தான் அதன் ருசி கூடியிருக்கும். ஆகவே பெருநாளைக்கு முந்திய நாள் அஸருக்குப் பிறகு அவித்து வைப்பது நல்லது. அன்றிரவு பிறை பார்த்த செய்தி வந்தபின் குசினியில் வேறு வேலைகள் நிறைய இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார் பெருநாளன்று ஸுபஹுக்குப் பிறகு அவிக்கலாம். தொழுகைக்குப் போய்வருவதற்குள் ஆறியிருக்கும். அப்படிச் செய்தால் அன்று பகலுக்குள்ளேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு வட்டில் அனுப்பினால் மீதமிருக்காது.